ஸ்வார்மிலும் குபர்னெட்டிஸிலும் சர்வீஸின் லேபிளை எந்த இடத்தில் எழுத வேண்டும்?

கேள்வி சுருக்கமாக இதுதான். கம்போஸ் கோப்பில் (எந்தக் கண்டெய்னர்கள், அதாவது தனித்து ஓடும் செயலிகள், எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் கோப்பு) ஒரு சர்வீஸின் கீழே லேபிள்ஸ் என்ற பகுதியில் சில விவரங்களை எழுதி, அந்தக் கோப்பைப் பல இயந்திரங்களில் கண்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் ஸ்வார்மில் ஸ்டாக்காக (ஒன்றாக ஏற்றப்படும் சர்வீஸ்களின் தொகுப்பாக) ஏற்றிய பின் சர்வீஸை இன்ஸ்பெக்ட் செய்து பார்த்தால், எழுதியவை எதிர்பார்த்த இடத்தில் இல்லை. வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கி உரிய சர்வீஸுக்கு அனுப்ப முன்னால் நிற்கும் ரிவர்ஸ் பிராக்ஸியும் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. கூடவே இன்னொரு கேள்வி: ஸ்வார்மைப் போலவே கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸுக்கு மாறும்போது இதே விவரங்களை லேபிளாக எழுதுவதா, அனோட்டேஷனாக எழுதுவதா?

முதல் கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம். கம்போஸ் கோப்பில் சர்வீஸுக்கு நேர் கீழே வரும் லேபிள்ஸ் பகுதி கண்டெய்னருக்குப் போகிறது. டிப்ளாய் என்ற பகுதிக்கு உள்ளே வரும் லேபிள்ஸ் பகுதிதான் ஸ்வார்ம் சர்வீஸுக்குப் போகிறது. வரிகளை டிப்ளாயின் கீழே நகர்த்திவிட்டு மறுபடி ஏற்றினால் பிரச்சினை தீரும். ஆனால் இந்த இரண்டு இடங்களும் ஏன் தனித்தனியாக இருக்கின்றன என்பது தெரியாவிட்டால், இதே சிக்கல் வேறு வடிவத்தில் திரும்ப வரும். எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்வார்மில் சர்வீஸ் என்பது மேனேஜர் நோடுகள் (மற்ற இயந்திரங்களை நிர்வகிக்கும் இயந்திரங்கள்) தங்களுக்குள் வைத்திருக்கும் ஒரு வரையறை: இந்த இமேஜ் (கண்டெய்னர் உருவாகும் மூலத்தொகுப்பு), இத்தனை பிரதிகள், இந்த நெட்வொர்க் என்று சொல்லும் பதிவு. அந்த வரையறையிலிருந்து டாஸ்க்குகள் பிறக்கின்றன; ஒவ்வொரு டாஸ்க்கும் ஏதோ ஒரு நோடில் ஒரு கண்டெய்னராக ஓடுகிறது. சர்வீஸுக்கு எழுதும் லேபிள் அந்தப் பதிவோடு நின்றுவிடும், கண்டெய்னர் வரை இறங்காது. கண்டெய்னருக்கு எழுதும் லேபிள் ஒவ்வொரு பிரதியோடும் பயணம் செய்யும், ஆனால் சர்வீஸின் மேல் அடுக்கில் தெரியாது. கட்டளை வரியில் இந்தப் பிரிவு இன்னும் வெளிப்படையாக இருக்கிறது: டாக்கர் சர்வீஸ் கிரியேட் கட்டளை லேபிள் என்றும் கண்டெய்னர்-லேபிள் என்றும் இரண்டு தனித் தெரிவுகளை ஏற்கிறது. இன்ஸ்பெக்ட் தரும் ஜேசான் வெளியீட்டிலும் இரண்டும் இரண்டு இடங்களில் இருக்கும். ஸ்பெக் என்ற பகுதிக்கு நேர் கீழே உள்ள லேபிள்ஸ் சர்வீஸுக்கு உரியது. அதற்கும் கீழே டாஸ்க்டெம்ப்ளேட், அதனுள் கண்டெய்னர்ஸ்பெக், அதனுள் இருக்கும் லேபிள்ஸ் கண்டெய்னருக்கு உரியது. நீங்கள் எழுதியவை இந்த இரண்டாவது இடத்தில் பத்திரமாக இருந்திருக்கும். சர்வீஸ் மட்டத்தில் கண்டது ஸ்டாக்கின் பெயரையும் இமேஜையும் குறிக்க டாக்கர் தானே சேர்த்துக்கொள்ளும் லேபிள்களாக மட்டும் இருந்திருக்கும்.

எந்த அடுக்கில் எழுதுவது என்பதை முடிவு செய்வது உங்கள் விருப்பம் அல்ல, அதைப் படிக்கப்போகும் கருவி. டிரேஃபிக் போன்ற பிராக்ஸி ஸ்வார்மில் இயங்கும்போது மேனேஜரிடம் சர்வீஸ் பட்டியலைக் கேட்டு வாங்குகிறது. ஆகவே அது சர்வீஸ் லேபிளைத்தான் பார்க்கும். வொர்க்கர் நோடில் (டாஸ்க்குகளை ஓட்ட மட்டும் செய்யும் இயந்திரத்தில்) இருக்கும் டாக்கர் டீமனிடம் (பின்னணியில் ஓடும் டாக்கர் நிரலிடம்) சர்வீஸ் பட்டியல் கேட்டால் பதில் வராது என்பதால்தான், அப்படிப்பட்ட கருவிகளை மேனேஜர் நோடிலோ, மேனேஜரின் ஏபிஐயை அணுகக்கூடிய இடத்திலோ வைக்கச் சொல்கிறார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தனி டாக்கரில் கண்டெய்னர் திறந்து வைத்திருக்கும் போர்ட்டைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் டிரேஃபிக், ஸ்வார்மில் அதைக் கண்டுபிடிப்பதில்லை, போர்ட் எண்ணையும் ஒரு லேபிளாக நீங்களே சொல்ல வேண்டும். லேபிள்களை டிப்ளாயின் கீழே நகர்த்திய பிறகும் பிராக்ஸி அசையவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இதற்கு நேர்மாறானது ஒவ்வொரு நோடிலும் அமர்ந்து லாக் சேகரிக்கும் ஏஜென்ட். அது அந்த நோடின் டீமனிடம் மட்டுமே பேசுவதால் அதற்குக் கண்டெய்னர் லேபிள் மட்டுமே தெரியும். ஜேசான்-ஃபைல் லாக் டிரைவரில் லேபிள்ஸ் என்ற தெரிவைக் கொடுத்து ஒவ்வொரு லாக் வரியோடும் குழுவின் பெயரைச் சேர்க்க நினைத்தால், குழுவின் பெயர் கண்டெய்னர் லேபிளாக இருந்தே தீர வேண்டும். ஆகவே ஒரே விவரம் இரண்டு அடுக்கிலும் தேவைப்படும் நிலை வரலாம். அப்போது இரண்டு இடத்திலும் எழுதுவதில் தவறில்லை.

மாற்றும்போது என்ன நடக்கும் என்பதிலும் இரண்டும் வேறுபடுகின்றன. சர்வீஸ் லேபிளை மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்க்குகளை ஸ்வார்ம் தொடுவதில்லை. கண்டெய்னர் லேபிள் டாஸ்க் வரையறையின் உறுப்பு என்பதால், அதில் ஓர் எழுத்து மாறினாலும் பிரதிகள் அனைத்தும் வரிசையாக நிறுத்தப்பட்டுப் புதிதாக உருவாகும். ஒரு விளக்கக் குறிப்பைத் திருத்துவதற்காக உற்பத்திச் சூழலில் எல்லாக் கண்டெய்னர்களையும் மறுபடி எழுப்ப யாரும் விரும்பமாட்டார்கள். அடிக்கடி மாறக்கூடிய விவரத்தைக் கண்டெய்னர் அடுக்கில் வைக்காமல் இருப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஸ்டாக் டிப்ளாய் ஒவ்வொரு முறையும் சர்வீஸின் முழு வரையறையையும் அனுப்புகிறது என்பதும் பலருக்குப் பிடிபடாத சங்கதி. அவசரத்துக்குக் கட்டளை வரியிலிருந்து லேபிள்-ஆட் கொண்டு ஒரு லேபிளைச் சேர்த்துவிட்டு, அதைக் கோப்பில் எழுத மறந்தால், அடுத்த முறை ஸ்டாக்கை ஏற்றும்போது அது சத்தமில்லாமல் மறைந்துவிடும். குபர்னெட்டிஸில் அப்ளை கட்டளை இப்படி நடப்பதில்லை: கடைசியாக அப்ளை செய்த கோப்பில் இருந்து இப்போது நீக்கப்பட்டவற்றை மட்டுமே அது அகற்றும், கையால் சேர்த்த லேபிள் கோப்பில் எப்போதுமே இல்லாததால் அப்படியே தங்கிவிடும். ஸ்வார்மில் இருந்து வருபவர்கள் கோப்பைத் திரும்ப அப்ளை செய்தால் எல்லாம் கோப்பின்படி ஆகிவிடும் என்று நம்புகிறார்கள். யாரோ எப்போதோ சேர்த்த லேபிள் ஒரு செலக்டரில் (லேபிளைக் கொண்டு பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் நிபந்தனையில்) போய்ச் சிக்கும்போதுதான் அது அங்கே இருப்பதே தெரியவரும்.

மற்ற இரண்டு வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோடுகளுக்கும் லேபிள் உண்டு. எஸ்எஸ்டி வட்டு உள்ள இயந்திரத்தில் மட்டும் ஓட்டு என்பது போன்ற பிளேஸ்மென்ட் நிபந்தனைகளுக்கு அது பயன்படுகிறது. இமேஜுக்கும் லேபிள் உண்டு. மூலக்குறியீடு எங்கே இருக்கிறது, எந்தக் கமிட்டில் இருந்து கட்டப்பட்டது, எப்போது கட்டப்பட்டது ஆகியவற்றுக்கு ஓப்பன் கண்டெய்னர் இனிஷியேட்டிவ் பொதுவான பெயர்களை வகுத்து வைத்திருக்கிறது. அவற்றையே பயன்படுத்துங்கள், புதிதாகப் பெயர் கண்டுபிடிக்க வேண்டாம். இமேஜ் லேபிளை டாக்கர் கண்டெய்னர் வாரிசாகப் பெறும். ஸ்வார்ம் சர்வீஸ் பெறாது. குபர்னெட்டிஸில் அது பாட் (கண்டெய்னர்களை ஓட்டும் மிகச்சிறிய அலகு) லேபிளாகவும் மாறாது.

இனிக் குபர்னெட்டிஸ். இங்கே அடுக்குப் பிரச்சினை இன்னும் தீவிரமாகவே இருக்கிறது. அதோடு லேபிளா, அனோட்டேஷனா என்ற இரண்டாவது பிரிவும் சேர்ந்துகொள்கிறது. இரண்டுமே பெயரும் மதிப்பும் கொண்ட சரங்களின் தொகுப்புதான். ஆனால் லேபிளைக் கொண்டு பொருள்களைத் தேர்ந்தெடுக்கலாம். அனோட்டேஷனைக் கொண்டு தேர்ந்தெடுக்க முடியாது. இந்த விவரத்தை வைத்து யாராவது பட்டியலைச் சலிக்கப்போகிறார்களா, குழுவாக்கப்போகிறார்களா, ஒரு செலக்டர் இதைத் தேடப்போகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் லேபிள். ஒரு பொருளை ஏற்கனவே கையில் வைத்திருப்பவர் அதைப் பற்றிக் கூடுதலாகத் தெரிந்துகொள்ள மட்டுமே இது உதவும் என்றால் அனோட்டேஷன். பொறுப்பான குழுவின் பெயர் முதல் வகை. கோளாறு ஏற்பட்டால் பார்க்க வேண்டிய செயல்முறைக் குறிப்பின் இணைய முகவரி இரண்டாம் வகை.

மதிப்புகளின் இலக்கணமே இந்தப் பிரிவை ஓரளவு உங்கள் மேல் திணித்துவிடும். லேபிளின் மதிப்பு 63 எழுத்துகளுக்கு மேல் போகக்கூடாது. ஆங்கில எழுத்திலோ எண்ணிலோ தொடங்கி அப்படியே முடிய வேண்டும். இடையில் இவற்றோடு ஹைஃபன், அடிக்கோடு, புள்ளி மட்டுமே வரலாம். பெயரின் முன்னொட்டு 253 எழுத்துகள் வரை நீளலாம், ஆனால் சாய்கோட்டுக்குப் பின் வரும் பகுதிக்கு அதே 63 எழுத்து எல்லைதான். இணைய முகவரியில் சாய்கோடும் முக்காற்புள்ளியும் வரும். மின்னஞ்சல் முகவரியில் அட் குறி வரும். இமேஜின் முழுப்பெயரில் இரண்டு வகைக் குறிகளும் வரலாம். இவை எதுவும் லேபிளில் நிற்காது. தமிழில் ஒரு விளக்கம் எழுத நினைத்தாலும் அதற்கு இடம் அனோட்டேஷன்தான்.

பதிப்பு எண்ணில் இந்த விதிகள் எப்படிக் கடிக்கின்றன என்று பாருங்கள். 1.4.0 என்பது லேபிளில் செல்லும். அதோடு கூட்டல் குறி போட்டுக் கட்டுமான எண்ணைச் சேர்க்கும் வழக்கம் உள்ளவர்களின் மதிப்பு நிராகரிக்கப்படும். குபர்னெட்டிஸ் கோப்புகளைச் சார்ட் என்ற தொகுப்பாக்கி நிறுவும் ஹெல்ம் உருவாக்கித் தரும் வழக்கமான டெம்ப்ளேட், சார்ட்டின் பதிப்பில் உள்ள கூட்டல் குறியை அடிக்கோடாக மாற்றுவது இதற்காகத்தான். 1.10 என்று மேற்கோள் குறி இல்லாமல் யாமலில் (இந்தக் கோப்புகள் எழுதப்படும் வடிவம்) எழுதினால் அது தசம எண்ணாகப் படிக்கப்படும். குபர்னெட்டிஸ் லேபிளின் மதிப்பு சரமாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதால் எண்ணைச் சரமாக ஏற்க முடியாது என்ற பிழைச்செய்தி வரும். பிழை வருவதுகூட நல்லதுதான். நடுவில் ஒரு டெம்ப்ளேட் கருவி இருந்து, அது எண்ணை வாங்கிச் சரமாக்கிக் கொடுத்தால், 1.10 என்பது 1.1 ஆகி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உள்ளே போய்விடும். சுருக்கப்பட்ட கிட் கமிட் அடையாளம் தற்செயலாக முழுவதும் எண்களாக அமைந்துவிடும் நாளிலும், எண்களுக்கு நடுவே ஆங்கில ‘ஈ’ எழுத்து ஒன்றே ஒன்று வந்து அடுக்குக்குறி எண் போலத் தோற்றமளிக்கும் நாளிலும் இதே கதைதான். பல மாதங்கள் ஒழுங்காக ஓடிய பைப்லைன் ஒரு நாள் காரணமின்றி உடைந்தது போலத் தோன்றும். எல்லா மதிப்புகளையும் மேற்கோள் குறிக்குள் எழுதுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ட்ரூ, ஃபால்ஸ் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். கம்போஸ் கோப்பில் இன்னொரு பொறியும் உண்டு: மதிப்பில் டாலர் குறி வந்தால் அதைச் சூழல் மாறியாக எடுத்துக்கொண்டு மாற்றிவிடும், கடவுச்சொல் ஹாஷை பிராக்ஸி லேபிளில் எழுதுபவர்கள் ஒவ்வொரு டாலர் குறியையும் இரண்டு முறை எழுத வேண்டும்.

இப்போது அடுக்குகளுக்கு வருவோம். குபர்னெட்டிஸில் சர்வீஸ் என்ற சொல்லே வேறு பொருளில் வருகிறது: ஸ்வார்ம் சர்வீஸ் செய்யும் வேலையில் பிரதிகளைப் பராமரிப்பதை டிப்ளாய்மென்ட் ஏற்கிறது; நிலையான முகவரி கொடுத்துக் கோரிக்கைகளைப் பிரித்து அனுப்புவதைக் குபர்னெட்டிஸ் சர்வீஸ் ஏற்கிறது. டிப்ளாய்மென்ட் கோப்பு ஒன்றில் மட்டுமே லேபிள்கள் மூன்று இடங்களில் வருகின்றன. மேலே மெட்டாடேட்டா பகுதியில் இருப்பவை டிப்ளாய்மென்ட் என்ற பொருளுக்கு உரியவை. செலக்டர் பகுதியில் இருப்பவை எந்தப் பாட்களைத் தனதாகக் கருத வேண்டும் என்ற நிபந்தனை. டெம்ப்ளேட் பகுதியில் இருப்பவை உருவாகும் ஒவ்வொரு பாடுக்கும் கிடைப்பவை. சர்வீஸ் கோப்பில் இரண்டு இடங்கள்: தன் சொந்த லேபிள், தான் தேடும் பாட்களின் லேபிள். பெரும்பாலான உதாரணக் கோப்புகளில் இந்த ஐந்து இடங்களிலும் ஒரே வரி திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருப்பதால், எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணம் புதியவர்கள் மனதில் பதிந்துவிடுகிறது.

அந்த எண்ணம் எங்கே உடையும் என்றால், கண்காணிப்பை அமைக்கும்போது. மெட்ரிக்ஸ் எனப்படும் அளவீடுகளைச் சேகரிக்கும் பிரோமிதியஸைக் குபர்னெட்டிஸில் நிர்வகிக்கும் பிரோமிதியஸ் ஆபரேட்டர் தரும் சர்வீஸ்மானிட்டர் என்ற பொருள் பெயருக்கு ஏற்பச் சர்வீஸின் சொந்த லேபிளைத் தேடுகிறது. பாட் லேபிளை அல்ல. உங்கள் சர்வீஸின் செலக்டர் சரியாக இருக்கிறது, பாட்களில் லேபிள் இருக்கிறது, கோரிக்கைகள் ஒழுங்காகப் போய்ச் சேருகின்றன, ஆனால் சர்வீஸின் மெட்டாடேட்டாவில் லேபிள் எதுவும் இல்லை என்றால் மெட்ரிக்ஸ் வராது. பிழைச்செய்தியும் வராது, ஏனெனில் எதுவுமே பொருந்தாத செலக்டர் என்பது தவறான செலக்டர் அல்ல. மறுபக்கம், சர்வீஸுக்கு அழகாக லேபிள் எழுதிவிட்டுச் செலக்டரில் ஓர் எழுத்துப் பிசகினால் சர்வீஸ் உருவாகும், முகவரி கிடைக்கும், பின்னால் ஒரு பாட்கூட இருக்காது. இந்த இரண்டு நிலைகளிலும் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சர்வீஸுக்கான எண்ட்பாயிண்ட்ஸ்லைஸ் (பின்னால் உள்ள பாட்களின் முகவரிப் பட்டியல்). அது காலியாக இருந்தால் செலக்டரும் பாட் லேபிளும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்; முகவரிகள் இருந்தால் அவை தயார் நிலையில் இருப்பதாகக் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அது நிறைந்திருந்தும் மெட்ரிக்ஸ் வரவில்லை என்றால் சர்வீஸின் சொந்த லேபிளைப் பாருங்கள்.

செலக்டரில் போகும் லேபிள்களை விளக்கக் குறிப்பாக நினைக்கவே கூடாது. அவை இயந்திரத்தின் உறுப்புகள். டிப்ளாய்மென்ட்டின் செலக்டரை ஆப்ஸ்/வி1 பதிப்பில் உருவாக்கிய பின் மாற்ற முடியாது. அதில் பதிப்பு எண்ணைச் சேர்த்துவிட்டால் அடுத்த வெளியீட்டின்போதே அப்ளை தோற்கும். குபர்னெட்டிஸ் கோப்புகளைச் சூழலுக்கேற்ப மாற்றித் தரும் கஸ்டமைஸ் கருவியின் காமன்லேபிள்ஸ் வசதி இதில் குறிப்பாக ஆபத்தானது. பெயரைப் பார்த்தால் எல்லாப் பொருள்களுக்கும் ஒரு லேபிள் ஒட்டும் வசதி போலத் தெரியும், ஆனால் அது செலக்டர்களுக்குள்ளும் அதே லேபிளைச் செருகிவிடும். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் செலவுக்கணக்குக்காக ஒரு லேபிளைப் பொதுவாகச் சேர்க்க நினைப்பவர்கள், செலக்டரைத் தொடாமல் சேர்க்கக்கூடிய லேபிள்ஸ் என்ற புதிய புலத்தைப் பயன்படுத்த வேண்டும். ஆப் என்ற பெயருக்கு வெப் என்ற மதிப்பைக் கொடுத்து நிறுத்திவிடும் வழக்கமும் எனக்குப் பிடிப்பதில்லை. ஒரே நேம்ஸ்பேஸில் (பொருள்களைப் பிரித்து வைக்கும் பகுதியில்) இன்னொரு குழுவும் அதையே எழுதினால் உங்கள் சர்வீஸ் அவர்களுடைய பாட்களுக்கும் கோரிக்கைகளை அனுப்பத் தொடங்கும், பாதி கோரிக்கைகள் மட்டும் புரியாத பதிலோடு திரும்பி வரும். குபர்னெட்டிஸ் பரிந்துரைக்கும் பொதுப் பெயர்களில் நேம், இன்ஸ்டன்ஸ் ஆகிய இரண்டையும் சேர்த்துச் செலக்டரில் வைத்து, வெர்ஷன், காம்பொனென்ட், பார்ட்-ஆஃப், மேனேஜ்ட்-பை ஆகியவற்றை விவரமாக மட்டும் வைத்துக்கொள்வது நல்ல தொடக்கம்.

அனோட்டேஷன் வெறும் குறிப்பு என்று சொல்வதும் முழு உண்மையல்ல. ஒரு லோட் பேலன்சர் வெளியுலகுக்குத் திறந்திருக்க வேண்டுமா, உள் நெட்வொர்க்குக்கு மட்டுமா என்பதைப் பெரிய கிளவுட் நிறுவனங்களின் குபர்னெட்டிஸ் சேவைகள் சர்வீஸின் அனோட்டேஷனில் இருந்துதான் படிக்கின்றன. அந்த வரியில் ஓர் எழுத்துப் பிசகினால், குபர்னெட்டிஸ் அதைத் தனக்குத் தெரியாத ஏதோ ஒரு குறிப்பு என்று ஏற்றுக்கொள்ளும். உள்ளே இருக்க வேண்டிய சேவை வெளியே திறந்து நிற்கும். ரோல்அவுட் ரீஸ்டார்ட் கட்டளைகூட பாட் டெம்ப்ளேட்டில் மறுதொடக்க நேரத்தை ஓர் அனோட்டேஷனாக எழுதுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. டெம்ப்ளேட் மாறியதால் பாட்கள் புதிதாக உருவாகின்றன. ஸ்வார்மில் கண்டெய்னர் லேபிளுக்குச் சொன்ன எச்சரிக்கை இங்கே டெம்ப்ளேட்டில் எழுதும் லேபிள், அனோட்டேஷன் இரண்டுக்கும் பொருந்தும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஒரு பொருளின் அனோட்டேஷன்கள் அனைத்தும் சேர்ந்து 262144 பைட்டுகளுக்குள், அதாவது 256 கேஐபிக்குள் அடங்க வேண்டும். தாராளமான இடம்தான், ஆனால் அதில் ஒரு பங்கை நீங்கள் அறியாமலே அப்ளை கட்டளை எடுத்துக்கொள்கிறது: கடைசியாக அப்ளை செய்த முழுக் கோப்பையும் அது ஓர் அனோட்டேஷனாகச் சேமித்து வைக்கிறது. பெரிய கஸ்டம் ரிசோர்ஸ் வரையறைகளை (குபர்னெட்டிஸில் புதிய பொருள் வகைகளைச் சேர்ப்பவை) நிறுவும்போது அனோட்டேஷன் மிக நீளம் என்று வரும் பிழைக்கு இதுதான் காரணம்; சர்வர்-சைட் அப்ளை முறையைப் பயன்படுத்தினால் அந்தச் சேமிப்பு தேவைப்படுவதில்லை.

எவற்றை எழுதக்கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கடவுச்சொல், டோக்கன் எதுவும் இங்கே வரக்கூடாது. அந்தப் பொருளைப் படிக்க அனுமதி உள்ள எவரும், அதன் நகலைச் சேமிக்கும் எந்தக் கண்காணிப்புக் கருவியும் அவற்றைப் பார்க்கும். தனிநபரின் பெயரைப் பொறுப்பாளராக எழுத வேண்டாம், குழுவின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் மாறும் நேரமுத்திரையையோ கமிட் அடையாளத்தையோ மெட்ரிக்ஸ் வரை செல்லும் லேபிளாக்க வேண்டாம். ஒவ்வொரு புது மதிப்பும் பிரோமிதியஸில் புதிய காலத்தொடர்களை (தனித்தனியாகச் சேமிக்கப்படும் அளவீட்டு வரிசைகளை) உருவாக்கிக்கொண்டே போகும். குபர்னெட்டிஸ் பொருள்களின் நிலையை மெட்ரிக்ஸாக வெளியிடும் கியூப்-ஸ்டேட்-மெட்ரிக்ஸ் தன் இரண்டாம் பெரும்பதிப்பில் இருந்து, நீங்கள் பெயர் குறிப்பிட்டு அனுமதித்த லேபிள்களை மட்டுமே வெளியிடுவதற்கும் இந்தக் கவலைதான் பின்னணி. ஒரு லேபிளைப் படிக்கப்போகும் கருவி எது, மனிதர் யார் என்று சொல்ல முடியவில்லை என்றால் அதை எழுதாமல் விடுவதே மேல்.

கட்டாயமாக இருக்க வேண்டிய லேபிள்கள் எவை என்று முடிவு செய்தபின், அதை ஆவணத்தில் எழுதி வைத்து மக்கள் பின்பற்றுவார்கள் என்று காத்திருப்பது வீண். குபர்னெட்டிஸ் 1.30 முதல் நிலையான வசதியாகிவிட்ட வேலிடேட்டிங் அட்மிஷன் பாலிசி மூலமோ, கைவெர்னோ, கேட்கீப்பர் போன்ற கருவிகள் மூலமோ, குழு லேபிள் இல்லாத பொருளை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். முதலில் எச்சரிக்கையாக மட்டும் வைத்து, பழைய பொருள்களைத் திருத்திய பின் மறுப்பாக மாற்றுங்கள். ஸ்வார்மில் இதற்கு இணையான உள்வசதி கிடையாது. கம்போஸ் கோப்பைப் பைப்லைனில் சோதிப்பதுதான் வழி.

நீங்கள் மாறப்போவதால், ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் ஒரு லேபிளின் பெயரை மாற்றும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்வார்மில் புதிய பெயரைப் பழையதற்குப் பக்கத்திலேயே கம்போஸ் கோப்பில் எழுதி ஏற்றுங்கள். பிராக்ஸியையும் மற்றக் கருவிகளையும் புதிய பெயருக்குத் திருப்புங்கள். பிறகு பழையதைக் கோப்பிலிருந்து நீக்குங்கள். குபர்னெட்டிஸில் வரிசை இதேதான், ஆனால் முதல் படி பாட் டெம்ப்ளேட்டில் நடக்க வேண்டும்: புதிய லேபிள் எல்லாப் பாட்களிலும் வந்து சேரும்வரை ரோல்அவுட் முடியக் காத்திருந்து, அதன் பிறகே சர்வீஸின் செலக்டரை மாற்ற வேண்டும், முந்திக்கொண்டால் இடைப்பட்ட நேரத்தில் சர்வீஸுக்குப் பின்னால் சில பாட்களே இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. டிப்ளாய்மென்ட்டின் செலக்டரிலேயே அந்தப் பழைய பெயர் இருந்தால் அதை இருந்த இடத்தில் மாற்ற வழியில்லை. வேறு பெயரில் புதிய டிப்ளாய்மென்ட்டை உருவாக்கி, பழையதன் செலக்டர் புதிய பாட்களைத் தொடாதபடியும், சர்வீஸ் தேடும் லேபிள் இரண்டிலும் இருக்கும்படியும் பார்த்துக்கொண்டு, புதியது தயாரான பின் பழையதன் பிரதிகளைப் படிப்படியாகப் பூஜ்யமாக்கி நீக்க வேண்டும்.